ஒன்பதுக்குப் பக்கத்து நாற்காலி

ஐந்து ஐந்தாவது நாற்காலியில்தான் உட்கார முடியும். பினாங்கில், ஜெலுத்தோங் பஸ்ஸில் நின்றுகொண்டு போகையில், யாரோ ஒருவருடைய மீன் கூடை என் மூக்குக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தபோது, இது எனக்குப் பட்டது. பட்ட வேகத்தில் இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விட்டேன். வெயிலில் திரும்பி நடக்கும்போது அடுத்ததும் தானாக வந்தது: இரட்டைப்படை இலக்கங்கள் இரட்டைப்படை நாற்காலிகளில் மட்டும்தான் உட்காரும். நான் அப்போது ஆறாம் படிவம், பள்ளியின் கடைசி வகுப்பு. ஒரு பெரிய மனிதரைத் தோற்கடிக்கப் போகிறோம் என்ற நினைப்பைவிட இனிப்பான பண்டம் அந்த வயதில் வேறு கிடையாது.

தோற்கடிக்க வேண்டியவர் எங்கள் யாழ்ப்பாணத் தமிழர் சங்கத்தின் செயலாளர். பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் தலைமைக் கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. எல்லாரும் அவரைக் கிராணியார் என்றே சொல்வார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அவரே பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்திருப்பார்.

சாவு வீட்டுக்கு வந்தால் கிராணியார் முதலில் பார்ப்பது இறந்தவரை அல்ல, நாற்காலிகளை. டாக்டர் பின்வரிசையில் இருக்கிறார், ஹார்ட்வேர் கடைக்காரர் முன்னால் இருக்கிறார், இதை யாரும் கவனிக்கவில்லையா என்று மெதுவாகக் கேட்பார். பிறகு ஒவ்வொருவராக எழுப்பி மாற்றி உட்கார வைப்பார். ஒப்பாரி அதுவரை காத்திருக்கும். சங்கத்தின் குழுப் படங்களை இப்போது பார்த்தாலும் தெரியும், ஒருவர் முகத்திலும் சிரிப்பு இருக்காது. வரிசை சரிபார்த்து முடிப்பதற்குள் எல்லாருக்கும் கால் மரத்துப் போயிருக்கும். பட்டர்வொர்த் ஃபெரியில் ஒரு தடவை நடந்ததை என் அப்பா வருஷா வருஷம் சொல்லிச் சிரிப்பார். புக்கிட் மெர்தாஜாம் கோயில் திருவிழாவுக்குச் செயற்குழு புறப்பட்டது. கிராணியார் எல்லாரையும் பதவி வாரியாக நிறுத்தி ஏற்றினார். தலைவர் ஏறினார். துணைத் தலைவர் தம்முடைய இடம் பொருளாளருக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது கதவை மூடிவிட்டார்கள். தலைவர் தனியாகக் கடலைக் கடந்தார். சங்கம் கரையில் வரிசையாக நின்று கையசைத்தது.

“ஆள் பெருசோ சின்னனோ எண்டது இல்லை, பிள்ளை. இடம் சரியோ எண்டதுதான் கதை.” இது அவர் வாய்ப்பாடு. சொல்லும்போது சட்டைப் பையிலிருக்கும் பேனாவை ஒருமுறை நிமிர்த்தி வைப்பார். பேனா எப்போதும் நேராகத்தான் இருக்கும்.

அவரிடம் ஒரு எண் இருந்தது. மற்றவர்கள் மகனின் வேலையைச் சொல்வதுபோல அவர் அதைச் சொல்வார். 381654729. ஒன்று முதல் ஒன்பது வரை எல்லா இலக்கமும் அதில் உண்டு, ஒவ்வொன்றும் ஒரே தடவை. முதல் இரண்டு இலக்கத்தை எடுத்தால் முப்பத்தெட்டு, அது இரண்டால் வகுபடும். முதல் மூன்றை எடுத்தால் முந்நூற்று எண்பத்தொன்று, அது மூன்றால் வகுபடும். முதல் நான்கு நான்கால், முதல் ஐந்து ஐந்தால், இப்படியே ஒன்பது வரைக்கும் மிச்சம் இல்லாமல் போகும். கடைசியில் ஒரு சைபரைச் சேர்த்தால் பத்தாலும் போகும். இந்த மாதிரி எண் உலகத்தில் இது ஒன்றுதான், ஒரு இலக்கம் இடம் மாறினாலும் எல்லாம் குலைந்துவிடும் என்பார். எங்கே கிடைத்தது என்று கேட்டால் பதில் ஆளுக்கு ஆள் மாறும். ஸ்காட்லாந்துக் கப்பல் கேப்டன் ஒருவர் சொன்னது என்று ஒருவரிடம். மழைக்காலத்தில் கப்பல் வராத வாரத்தில் தாமே கண்டுபிடித்தது என்று இன்னொருவரிடம். ஏதாவது இங்கிலீஷ் வார இதழின் புதிர் மூலையாக இருக்கும் என்பது என் கணிப்பு. ஊர் அந்த எண்ணுக்குக் காட்டிய மரியாதை வேறு மாதிரி. கேட்டவர்களில் பாதிப் பேர் முதல் நாலு இலக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அந்த வாரமே நாலு நம்பர் லாட்டரிக் கடைக்குப் போனார்கள். வராததற்குக் கிராணியாரைத் திட்டினார்கள்.

இனி விருந்துக்கு வருகிறேன், ஏனென்றால் அம்மாவின் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

வருஷத்துக்கு ஒரு தடவை சங்கத்தார் ஒரு சீன ரெஸ்டாரண்டில் இரவு விருந்து வைப்பார்கள். வட்ட மேசைகள், மேசைக்குப் பத்து பேர். முதல் மேசையில் சிறப்பு விருந்தினரும் பெரிய மனிதர்களும். அங்கிருந்து படிப்படியாக இறங்கினால் கடைசி மேசை சமையல்கட்டுக் கதவோரம் வரும். அது எங்கள் மேசை. சூப் எங்கள் தலைக்கு மேலாகப் போய், எல்லா மேசைக்கும் பரிமாறப்பட்டு, ஆறி, திரும்பி எங்களிடம் வரும். காரணம் எல்லாருக்கும் தெரியும். என் அம்மா யாழ்ப்பாணத்துக் கிராணி குடும்பம். அப்பா ரப்பர் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து ஜெலுத்தோங்கில் லாரி பட்டறை வைத்திருப்பவர். அம்மா அவரைக் கட்டிக்கொண்ட நாளில் சங்கத்தின் கணக்கில் பல மேசை கீழே இறங்கிவிட்டாள். அப்பாவுக்கு இதில் வருத்தமே இல்லை. “நம்ம மேசைதான் லா கிச்சனுக்குப் பக்கம். சோறு கேட்டா உடனே வரும்,” என்பார்.

அம்மாவுக்கு வருத்தம் இருந்தது. அவளுடைய அக்கா, என் பெரியம்மா, ஈப்போவில் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை. பினாங்குக்கு வந்தால் மாமா வீட்டில் தங்குவார். மாமா வீட்டு வாசல் எங்களுக்குத் திறக்காது. பெரியம்மா தீபாவளிக்குச் சேலை அனுப்புவார், போனில் பேசுவார், ஆனால் அக்காவும் தங்கையும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டது கல்யாணத்துக்கு முன்னால்தான். அந்த வருஷ விருந்துக்குச் சிறப்பு விருந்தினர் பெரியம்மா என்று செய்தி வந்தது. அம்மா அதைக் கேட்டதும் அடுப்பைத் தணித்துவிட்டு நின்றாள்.

“அக்காக்குப் பக்கத்தில இருந்து, எல்லாரும் பார்க்க, ஒரு நேரம் சாப்பிடோணும்,” என்றாள். அவ்வளவுதான். மறுபடி அடுப்பைக் கூட்டினாள்.

நான் மறுநாளே சங்கக் கட்டடத்துக்குப் போனேன். கிராணியார் சுவரை ஒட்டிய நாற்காலியில் இருந்தார். முதுகுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அம்மாவை முதல் மேசையில் பெரியம்மா பக்கத்தில் உட்கார வைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ஒரு தாளை எடுத்து எண்ணை எழுதி என் பக்கம் திருப்பினார்.

“இதில ஒண்டை மாத்தும் பார்ப்பம்.”

“அங்கிள், நான் கேட்டது நாற்காலி.”

“நானும் அதைத்தான் சொல்லுறன். ஒன்பது பேரும் தங்கட தங்கட இடத்தில இருக்கினம், அதால எல்லாம் வகுபடுது. வேற ஒரு ஒழுங்கு இருக்கெண்டு நீர் காட்டும், நான் மேசையை மாத்துறன். இல்லையெண்டால் அம்மா இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அதுவும் ஒரு இடந்தானே லா.”

அப்பாவின் பேச்சிலிருந்து எடுத்து ஒட்டிய அந்தக் கடைசி ‘லா’வை என்னால் மன்னிக்க முடியவில்லை. இரண்டாவது எண் ஒன்றைக் கண்டுபிடித்து அவர் மூக்கின் மேல் ஒட்டுவது என்று முடிவு செய்தேன். மீன் கூடைக்கு முன்னால் ஐந்தின் நாற்காலி எனக்குத் தெரிந்தது அந்த வாரம்தான்.

அதற்குப் பிறகு ஆட்டம் வேகமாக ஓடியது. ஐந்து நடுவில் ஆணியடித்தாற்போல உட்கார்ந்துவிட்டது. நான்காவது, எட்டாவது நாற்காலிகளில் இரண்டையும் ஆறையும் தவிர வேறு யாரும் உட்கார முடியாது என்று வந்தது. ஆக நாலும் எட்டும் மிச்சமிருந்த இரண்டு இரட்டை நாற்காலிகளுக்குப் போக வேண்டியதுதான். மூன்றால் வகுபட வேண்டும் என்ற சட்டம் பாதிக் கூட்டத்தை வெளியே அனுப்பியது. வகுத்துப் பார்க்க வேண்டிய வரிசைகள் லட்சக்கணக்கில் இருக்கும் என்று நினைத்திருந்தேன், கடைசியில் மிஞ்சியவை பத்தே பத்து. ஒன்று கிராணியாருடையது. மற்ற ஒன்பதில் ஒன்றாவது தேறாதா என்று ஏழால் வகுக்கத் தொடங்கினேன். முதல் ஏழு இலக்கம் ஏழால் போக வேண்டும், அது ஒன்றுதான் பாக்கியிருந்த சோதனை.

ஒன்பதும் விழுந்தன. ஏழாவது நாற்காலியில் வந்து ஒவ்வொன்றாக விழுந்தன.

கிராணியார் சொன்னது சரி. உலகத்தில் அது ஒன்றுதான். அவர் வெறும் வாயால் சொல்லித் திரிந்ததை நான் உட்கார்ந்து நிரூபித்துக் கொடுத்திருக்கிறேன். அன்று இரவு சோற்றைத் தட்டிலேயே ஒதுக்கி வைத்தேன். அப்பா தட்டைத் தள்ளிப் பார்த்துவிட்டு, “ஏழு பெரிய போலீஸ்காரன் போல. மாமூல் வாங்கலையா?” என்று கேட்டார். அம்மா விருந்துக்கு என்று எடுத்து வைத்த சேலையை மறுபடி அலமாரியில் வைத்தாள். அதைப் பார்த்த பிறகுதான் விழுந்த ஒன்பதையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன், யாரையாவது திட்டலாம் என்று.

ஒன்பதில் ஒன்று 987654321.

பெரியவர் முதலில், அடுத்தவர் அடுத்து, சின்னவர் கடைசியில். கிராணியார் வருஷா வருஷம் முதல் மேசையில் வைக்கும் வரிசை. இரண்டால் போகிறது, மூன்றால் போகிறது, நாலு, ஐந்து, ஆறு எல்லாவற்றாலும் மரியாதையாகப் போகிறது. ஏழாவது நாற்காலியில் வந்து கவிழ்கிறது. மனிதர் ஒரு எண்ணைப் பூஜித்துக்கொண்டு, மேசையில் வேறொரு எண்ணைப் பரப்பிக்கொண்டிருந்தார். அவர் பூஜித்த எண்ணில் முதலில் இருப்பது மூன்று. எட்டுக்கு அடுத்து உட்கார்ந்திருப்பது ஒன்று. ஒன்பதாகிய பெரிய மனிதர் கடைசியில், சைபருக்குப் பக்கத்தில்.

இரண்டாவது தடவை சங்கத்துக்குப் போனபோது நான் பணிவாகவே பேசினேன். வேறு ஒழுங்கு இல்லை, நீங்கள் சொன்னது சரி என்றேன். பேனாவை நிமிர்த்தி வைத்தார். பிறகு, நீங்கள் மேசையில் வைக்கும் ஒழுங்கை ஏழால் வகுத்துப் பாருங்கள் என்றேன். 9876543. வகுத்தார். மீதி ஐந்து. தாளைத் திருப்பி மறுபடி வகுத்தார். மீதி ஐந்து. மூன்றாவது தடவை வகுக்கும்போது உதடு அசைந்தது. சங்க விஷயங்களில் அவர் எப்போதும் தம்மை ஐந்து என்றே சொல்லிக்கொள்வார். நடுவில் இருப்பவர், அசையாதவர், பெருமைக்காக இல்லையாம், கணக்கு அப்படியாம். அந்த ஐந்து இப்போது மீதியாகக் கீழே தொங்குவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்பவே சந்தோஷமாக இருந்தது.

இன்னொருவராக இருந்தால், சும்மா விளையாட்டு என்று தாளைக் கசக்கிப் போட்டிருப்பார். கிராணியாரால் அது முடியாது. இடம் தவறி இருக்கிறது என்று தெரிந்த பிறகு அவரால் தூங்க முடியாது, சாவு வீட்டில் முடியாததுபோலவே. செயற்குழுவைக் கூட்டி இந்த வருஷம் முதல் மேசை எண்ணின்படி என்று அறிவித்தார். ஒன்பது பேருக்கு ஒன்பது இலக்கம். பெரியம்மா சிறப்பு விருந்தினர், ஆகவே ஒன்பது. தலைவர் எட்டு. மூன்று என்று ஒதுக்கப்பட்ட வழக்கறிஞர், முதல் நாற்காலி தமக்கு என்றதும் மறுப்புச் சொல்லவில்லை. கிராணியார் ஐந்து. பத்தாவது நாற்காலிக்குச் சைபர் வேண்டும். வழக்கமாக அங்கே உட்காரும் பொருளாளரின் மனைவியைக் கேட்டார்கள். நான் சைபரா என்று அவர் கேட்ட கேள்வி, சங்கக் கட்டடத்தைத் தாண்டி ரோட்டுக்குக் கேட்டதாம். அடுத்தவரும் மறுத்தார். அதற்கடுத்தவர் சங்கத்தை விட்டே விலகுவதாகச் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை கிராணியார் எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். அதற்கு முன் அவர் எங்கள் பக்கம் வந்ததே இல்லை. அப்பா லாரிக்கு அடியிலிருந்து எழுந்து வந்து, “உள்ள வாங்க அண்ணே,” என்றார். உட்காரச் சொன்ன நாற்காலியைக் கிராணியார் சற்று நேராக்கி விட்டு உட்கார்ந்தார். காபியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, பத்தால் வகுபட வேண்டியதன் அவசியத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். சைபர் ஒன்றும் குறைந்தது இல்லை, இந்தியர் உலகத்துக்குக் கொடுத்தது என்றார். அம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சைபருக்கு ஒரு பக்கம் ஆர்?” என்று கேட்டாள்.

“மூண்டு. லோயர்.”

“மற்றப் பக்கம்?”

கிராணியார் காபியைப் பார்த்தார். “ஒன்பது.”

“அப்ப வாறன்,” என்றாள் அம்மா. பிறகு, அவர் எழுந்து கேட் வரை போன பிறகு, பின்னால் கேட்கும்படிச் சொன்னாள்: “என்னைச் சேர்த்தால்தானே உங்கட நம்பர் பத்தால போகுது.”

அப்பாவுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்குச் சிரிக்க வரவில்லை. என் அம்மாவைச் சைபர் ஆக்கியது என்னுடைய கணக்கு என்று ஒரு முள் உள்ளே இருந்தது. அம்மாவோ சேலையை வெளியே எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

விருந்தன்று கிராணியார் சீக்கிரமே போய் அட்டைகளை வைத்தார். 3, 8, 1, 6, 5, 4, 7, 2, 9, 0. வெள்ளை அட்டையில் கருப்பு மையில், அளவெடுத்து எழுதியவை. மேசை விரிப்பின் மேல் கிண்ணமும் தட்டும் வைக்க இடம் வேண்டும், அட்டை இடைஞ்சல் என்று பரிமாறுகிற பையன்கள் சொல்லியிருக்கிறார்கள். அதனால் மேசை நடுவில் இருந்த பெரிய கண்ணாடித் தட்டின் விளிம்பில், ஒவ்வொரு நாற்காலிக்கும் நேராக அட்டைகளை அடுக்கினார். அழகாக இருந்தது. எங்கள் கடைசி மேசையிலிருந்து நானும் அப்பாவும் எட்டிப் பார்த்தோம். அம்மா பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தங்கை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தலைவருக்குக் கச்சான், அதாவது வேர்க்கடலை, வேண்டியிருந்தது. கிண்ணம் அந்தப் பக்கம் இருந்தது. கண்ணாடித் தட்டு எதற்கு இருக்கிறது, சுழற்றத்தானே? கையை வைத்துத் தள்ளினார். கச்சான் வந்தது. கூடவே எல்லா எண்களும் வந்தன.

எட்டுக்கு முன்னால் இருந்தவர் இப்போது நாலுக்கு முன்னால் இருந்தார். வழக்கறிஞருக்கு ஐந்து. கிராணியாருக்கு ஒன்பது. என் அம்மாவுக்கு நேரே ஆறு. கிராணியார் எழுந்து நின்ற விதத்தைப் பார்த்து, யாருக்கோ நெஞ்சு வலி என்று பக்கத்து மேசையில் நினைத்துவிட்டார்கள். தட்டைத் திருப்பி விட்டால் தீர்ந்திருக்கும். அது அவருக்குத் தோன்றவில்லை. எண் போன இடத்துக்கு ஆட்கள் போக வேண்டும் என்பதுதான் தோன்றியது.

“எல்லாரும் ஒருக்கா எழும்புங்கோ.”

பட்டுச் சேலைகளும் கோட்டுகளும் எழுந்து, நாப்கினைக் கையில் பிடித்தபடி, வட்டமாக நகர்ந்து தத்தம் எண்ணுக்கு முன்னால் போய் உட்கார்ந்தன. பையன் சூப்பை ஏந்தியபடி நின்றான். எல்லாரும் உட்கார்ந்ததும் பெரியம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டார். ஆயிரம் பெண்களை மணியடித்து உட்கார வைத்த கை. அந்தக் கையை மெதுவாகக் கண்ணாடித் தட்டில் வைத்தார்.

“எனக்கும் கொஞ்சம் கச்சான் வேணும்,” என்றார். தள்ளினார்.

மறுபடி எல்லாரும் எழுந்தார்கள். மற்ற மேசைகளில் நாற்காலிகளை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். மூன்றாவது தடவை தள்ளியது என் அம்மா. கேட்காமலே தள்ளினாள். அதற்குள் வழக்கறிஞருக்கு மூச்சு வாங்கியது. முதல் நாற்காலி எது என்று கிராணியார் பரிமாறுகிற பையன்களை மேய்க்கும் ரெஸ்டாரண்ட் கேப்டனைக் கேட்டார். கேப்டன் பாவம், மேசையைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, “மேசை வட்டம் லா, போஸ்,” என்றான்.

நான் அப்போதுதான் கவனித்தேன். எத்தனை தடவை எழுந்தாலும், எங்கே போய் உட்கார்ந்தாலும், ஒன்பதுக்குப் பக்கத்தில் சைபர் இருந்தது. முழு மேசையும் சுற்றினால் யாருடைய பக்கத்து ஆளும் மாறுவதில்லை. என் கணக்குப் புத்தகம் எதுவும் சொல்லாத இந்தச் சின்ன உண்மையை இரண்டு பேரும் எனக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். அம்மாவின் தோள் குலுங்கியது. பெரியம்மா நாப்கினால் வாயை மூடியிருந்தார். சூப் வந்தது. சூடாக வந்தது. அக்கா முதலில் தங்கையின் கிண்ணத்தில் ஊற்றினார், எல்லாரும் பார்க்க.

பையன் கச்சான் கிண்ணத்தை எடுக்கும்போது அட்டைகளையும் அள்ளிக்கொண்டு போய்விட்டான். கிராணியார் எண்ணில்லாத ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் சாப்பிடவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, எங்கிருந்து தொடங்கினால் வகுபடும் என்று. நான் அவரைப் பார்த்துச் சிரிக்கத்தான் வந்தேன். கொஞ்ச நேரம் சிரிக்கவும் சிரித்தேன்.

மறுநாள் காலை போன் வந்தது. நேற்று நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “பிள்ளை, பத்து பேர் மேசை சரிவராது. அடுத்த வருஷம் பன்னிரண்டு பேர் மேசை. நீர் நம்பரைக் கண்டுபிடியும்.” தோற்ற ஆள் கேட்கும் தோரணை அதில் இல்லை. கீழ்க் கிராணியிடம் வேலை கொடுக்கும் தோரணைதான் இருந்தது.

பன்னிரண்டுக்கு வேண்டுமானால் பத்து பத்தாக எண்ணும் நம் பழக்கத்தை விட்டுப் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ண வேண்டும், பத்துக்கும் பதினொன்றுக்கும் தனி இலக்கம் வைத்துக்கொண்டு. போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு எண் கிடையாது. ஆறு ஆறாவது நாற்காலியை விட்டு எழும்பாது. ஒன்பதாவது நாற்காலியோ ஆறுதான் வேண்டும் என்கிறது. இரண்டு பேரும் கிராணியார் சாதி. இதை அவரிடம் சொல்லுமுன் அவர் மகனோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அங்கே கடற்கரையில் இறைச்சி சுடுகிறவர்களை அவர் வயது வாரியாக நிறுத்துவதாக ஒரு பேச்சு வந்தது. நான் உடனே நம்பினேன்.

இப்போது நான் பாயான் பாரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். போன மாதம் சங்கத்தார் என்னைக் கூப்பிட்டு, இந்த வருஷ விருந்துக்கு நாற்காலி போடுவது உன் பொறுப்பு என்றார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவள், அந்த ரெஸ்டாரண்டில் பதினான்கு பேர் மேசை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். இருக்கிறதாம். அம்மாவிடம் சொன்னேன். எண் இருக்கிறதா இல்லையா என்று அவள் கேட்கவில்லை. சைபர் எங்கே வரும் என்று மட்டும் கேட்டாள். கடைசியில்தான், பழைய இடந்தான் என்றேன். அப்ப சரி என்றாள்.

இன்று காலை பஸ்ஸில், பதினான்கு பதினான்காக எண்ணித் தொடங்கினேன். ஏழு ஏழாவது நாற்காலியில்தான் உட்கார முடியும். மற்றவர்கள் இன்னும் நிற்கிறார்கள்.